கிடாரவன் என்னும் அகில்

‘அகில்’ என்னும் சொல் பாடத்தில் வந்தால் நம்மில் பலர் ‘ஒருவகை நறுமண மரம்’ என்று கரும்பலகையில் பொருள் எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நானும் அப்படியே செய்துவந்தேன். அச்சிறு விளக்கத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. அவற்றை எண்ணிப் பார்க்க என்னைத் தூண்டியவன் எங்கள் தோட்டப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவன். அவனைத் தூண்டியதோ கைப்பேசியில் ஆடும் ஒரு விளையாட்டு.

அவ்விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பெருமக்களுள் அதனை ஆடியவர் மிகச் சிலராகவே இருப்பர். ஆனால் நம் வகுப்பில் அமர்ந்திருப்போரில் ஆடாதவர் மிகச் சிலர். ஆடுபவன் ஒரு வீரன். பாழடைந்த கோட்டைகளிலும் குகைகளிலும் புகுந்து, பகைவரை வீழ்த்தியும் பெட்டிகளை உடைத்தும், அகப்பட்டதை எல்லாம் அள்ளிக்கொள்கிறான். அள்ளிய பொருளை அப்படியே விற்பதில் பயன் குறைவு. பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொல்லனிடம் கொடுத்து வாளாகவும் கவசமாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாளுக்கு இரும்பு இருபது, தோல் ஐந்து, அரிய கல் ஒன்று என்று கணக்கு இருக்கும். இரும்பும் தோலும் மலைபோலக் குவிந்துவிடும்; அந்த ஒரு கல் மட்டும் கிட்டாது. அதற்காகவே பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணி வரை கண் விழிக்கிறார்கள். எது பொதுப்பொருள், எது அரும்பொருள் என்பதை நிறத்தால் காட்டுகிறார்கள். வெள்ளை மலிவானது, ஊதாவும் பொன்னிறமும் கண்டால் பையன்கள் கூச்சலிடுவார்கள்.

இம்மாணவன் ஒரு நாள் முகம் வாடி வந்தான். “நூற்றுக்கு ஒரு தடவை விழும் என்று போட்டிருக்கிறது, ஐயா. நூறு தடவை அடித்துவிட்டேன், விழவில்லை. ஏமாற்றுகிறார்கள்” என்றான். நான் அவனைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் கிடைக்காமற்போகும் வாய்ப்பு நூற்றில் 99. அதனை அதனாலேயே நூறு முறை பெருக்கினால் நூற்றுக்கு ஏறத்தாழ 37 வரும். அதாவது நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு முறை முயன்றாலும் 37 பேர் வெறுங்கையோடு திரும்புவர். ‘நூற்றில் ஒன்று’ என்பது ‘நூறாவது முறை நிச்சயம்’ என்பதன்று. பெரியவர்களும் இவ்விடத்தில் தடுமாறுவதை லாட்டரிக் கடை வாசலில் காணலாம்.

கணக்கைப் புரிந்துகொண்டவன் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. அந்த வாரம் செய்யுள் பாடத்தில் அகில் வந்திருந்தது. “அகிலும் இப்படித்தானாம், ஐயா. மாமா சொன்னார். எல்லா மரத்திலும் இருக்காதாம், வெட்டினால்தான் தெரியுமாம்.” அவன் மாமா ஒரு காலத்தில் காட்டு மரம் ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர் சொன்னது சரி. நான் கரும்பலகையில் எழுதியதே தவறு.

அகில் நறுமண மரம் அன்று. மரத்துக்கு மணமே கிடையாது. மலாய்க்காரர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றனர். மரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘காராஸ்’; அதனுள் விளையும் மணப்பொருளுக்கு இட்ட பெயர் ‘கஹாரு’. காராஸ் மரத்தைப் பிளந்தால் வெளிறிய, இலேசான, சோற்றி போன்ற கட்டைதான் தெரியும். பெட்டி செய்யவும் உறுதி போதாது. அம்மரத்தில் காயம் பட்டு, கிளை ஒடிந்து, அல்லது வண்டு துளைத்து, அப்புண்ணின் வழியே ஒருவகைப் பூஞ்சணம் உள்ளே புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருநிறப் பிசினைச் சுரக்கிறது. பெரும்பாலான மரங்களில் உணவைக் கொண்டுசெல்லும் மென்திசு பட்டையின் உட்புறத்தில் மட்டுமே இருக்கும். காராஸில் அது கட்டைக்குள்ளும் சிறு சிறு தீவுகளாகப் பரவிக் கிடக்கிறது. உயிருள்ள அத்திசுக்களே பிசினின் உறைவிடம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் ஊறிய பகுதி கறுத்து, கனத்து, நீரில் போட்டால் மூழ்கும் நிலையை அடைகிறது. சீனர் இதனை ‘மூழ்கும் நறுமணம்’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பது இதனால்தான். ஆக, நாம் அகில் என்று மணந்து மகிழ்வது ஒரு மரத்தின் புண்.

நோயுறாத காராஸில் கஹாரு இல்லை. காட்டில் முதிர்ந்து நிற்கும் மரங்களில் பத்தில் ஒன்றில்தான் அது இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பையனின் விளையாட்டை இங்கே பொருத்திப் பார்த்தேன். குறி அறியாத ஒருவன் கண்ட மரத்தை எல்லாம் வெட்டிக்கொண்டே போனால், பத்து மரங்களைச் சாய்த்த பின்னும் ஒன்றும் கிட்டாமல் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 35. இருபது மரங்களைச் சாய்த்த பின்னும் நூற்றுக்கு 12. விளையாட்டில் உடைத்த பெட்டி மறுநாள் அதே இடத்தில் மீண்டும் முளைத்து நிற்கும். விழுந்த காராஸ் அப்படி எழுவதில்லை.

இனி ‘ஒருவகை’ என்பதில் உள்ள பிழைக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளாக அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்பவற்றைக் குறிக்கிறார். இவற்றுள் காரகில் நிறத்தால் வந்த பெயர். ஏனைய மூன்றும் ஊரால் வந்த பெயர்கள் என்பதே அறிஞர் கருத்து. தக்கோலி என்பது தக்கோலத்திலிருந்து வந்தது. இன்றைய தாய்லாந்தின் மேலைக் கரையில் உள்ள தக்குவா பா வட்டாரமே அத்தக்கோலம் என்பர். அங்கே கிடைத்த பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கிடாரவன் என்பது கிடாரத்திலிருந்து வந்தது. கிடாரமாவது கடாரம், கடாரமாவது நம் கெடா.

பினாங்கில் இருந்து இதனைப் படிப்போர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும் வரை இத்தீவு கெடா சுல்தானுக்கு உரியது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்துக் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது; காழகமும் கடாரமே என்பது பலர் துணிபு. அப்பொருள் இன்னது என்று பாட்டு சொல்லவில்லை. அதில் அகிலும் இருந்திருக்கலாம் என்று நினைப்பது தவறாகாது. இருந்தது என்று அடித்துச் சொல்வது தவறு. ஆனால் கிடாரவன் என்னும் பெயர் உறுதியான சான்று. நாம் அன்றாடம் பேருந்தில் கடக்கும் மலைகளின் மரத்துண்டு, தமிழ்நாட்டு அங்காடியில் தன் ஊர்ப் பெயரோடு விற்கப்பட்டிருக்கிறது. வெறும் ‘கஹாரு’ என்று கேட்காமல் ‘கோப்பெங் கஹாரு’ என்று இன்று நாம் ஊர் சுட்டிக் கேட்டால் எப்படியோ, அப்படி. 1025-ல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படை எடுத்ததையும் அங்கிருந்து செல்வக் குவியலைக் கைக்கொண்டதையும் அவன் மெய்க்கீர்த்தி பெருமையாகப் பேசுகிறது. அதைப் பாடம் நடத்தும்போது நாமும் பெருமை கொள்கிறோம். கடாரத்தான் அதை எந்தச் சொல்லால் குறித்திருப்பான் என்பதையும் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

மற்றொரு பக்கத்துச் சான்றும் உண்டு. சீனத்தில் கடல் வாணிகத்தை மேற்பார்த்த அதிகாரி சாவ் ரூகுவா 1225-ல் எழுதிய நூலில் அகிலைத் தரம் பிரிக்கிறார். முதல் தரம் கம்போசத்தினுடையது. அடுத்தது சம்பா நாட்டினுடையது. சுமத்திராவை ஒட்டிய நாடுகளின் சரக்கும் சாவகத்துச் சரக்கும் கடைத்தரம். நம் வட்டாரச் சரக்குக்குச் சீன அங்காடியில் இவ்வளவுதான் மதிப்பு. கிடாரவன் என்று மார்தட்டும் நான் இதையும் மறைக்கக் கூடாதல்லவா?

தமிழ்நாட்டு மலைகளில் அகில் வளரவில்லையா என்று கேட்பீர்கள். குறிஞ்சிப் பாட்டுகளில் குறவர் அகிலை எரித்துத் தினைப்புனம் அமைக்கிறார்கள். ஆறுகள் அகிலையும் சந்தனத்தையும் உருட்டி வருகின்றன. ஆயின் காராஸ் இனம் இந்தியாவில் இயல்பாக வளர்வது அசாம் முதலிய வடகிழக்குப் பகுதிகளில். மேலைத் தொடர்ச்சி மலையில் ‘வெள்ளகில்’ என்று தமிழர் வழங்கும் மரம் வேறு. அது வேப்பங் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கட்டைக்கு நல்ல மணம் உண்டு. குறிஞ்சியில் புகையும் அகில் இதுவாக இருக்கலாம். கடல் கடந்து வந்தது காராஸாக இருக்கலாம். ஒரே சொல் இரண்டு மரத்துக்கும் ஊர் தாண்டிச் சென்றிருக்கிறது. தில்லைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தின் தாவரப் பெயரில் ‘அகல்லோச்சா’ என்று அகிலின் பழைய கிரேக்கப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பர். நம் கரையோரச் சதுப்பிலும் வளரும் அதனை மலாய்க்காரர் ‘பூத்தா பூத்தா’, அதாவது குருடு, என்றே அழைக்கின்றனர். அகிலின் பெயரைத் தாங்கியும் அதற்கு அகிலின் குணம் இல்லை.

மரங்களின் பெயர்கள் ஊர்களாவதும் ஊர்களின் பெயர்கள் மரங்களாவதும் இந்நாட்டில் சாதாரணம். பினாங்கு என்பது பாக்கு. மலாக்காவை நெல்லியோடு இயைத்துச் சொல்வர். நான் குடியிருக்கும் கெலுகோர், மீன்குழம்பில் புளிக்குப் பதில் இடும் ‘ஆசாம் கெப்பிங்’கைத் தரும் மரத்தின் பெயர். காராஸின் தாவரப் பெயரோ இவை எல்லாவற்றினும் வேடிக்கையானது. மலையாளக் கரையில் வந்து இறங்கிய போர்த்துக்கேசியர் ‘அகில்’ என்பதைக் கேட்டுத் தம் நாவுக்கு ஏற்ப ‘அகிலா’ என்றனர். அது அவர்கள் செவிக்குக் கழுகைக் குறிக்கும் சொல்லாகப் பட்டது. இலத்தீனில் கழுகு ‘அக்குயிலா’. ஆங்கிலேயரும் அதனை மொழிபெயர்த்துக் ‘கழுகு மரம்’ என்றே எழுதினர். பிரெஞ்சுத் தாவரவியலார் லமார்க் 1783-ல் இதற்கு இட்ட பெயர் ‘அக்குலேரியா மலாக்கென்சிஸ்’. கழுகுக்கும் இம்மரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உள்ளே ஒளிந்திருப்பது நம் ‘அகில்’. எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் சொல்லும் அகிலிலிருந்து சென்றதே என்று கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் கருதினார். ‘அகர்பத்தி’யில் இருப்பது அகிலின் வடநாட்டு வடிவம். ‘ஊதுபத்தி’யிலும் வாயால் ஊதும் தொழில் இல்லை, அகிலுக்கு அரபியர் வழங்கும் ‘ஊத்’ என்னும் சொல்லே அங்கு இருக்கிறது என்பர். இன்று அவ்விரு பத்திகளிலும் பெரும்பாலும் அகில் இல்லை என்பது வேறு செய்தி.

பயனைப் பற்றிச் சில சொற்கள். நல்ல துண்டைச் சீவித் தணலில் இட்டுப் புகைப்பது ஒரு முறை. மட்டமான சில்லுகளை நீரில் பல நாள் ஊறவைத்து, வாலையில் ஏற்றிக் காய்ச்சி, நெய்யாக வடிப்பது மற்றொரு முறை. வளைகுடா நாட்டார் விரும்பி வாங்குவது இந்நெய்யை. சப்பானில் நாரா நகரத்துக் கருவூலத்தில் 156 சென்டிமீட்டர் நீளமும் 11.6 கிலோ எடையும் உள்ள ஓர் அகில் கட்டை பல நூற்றாண்டுகளாகக் காக்கப்படுகிறது. ‘ரன்ஜாத்தாய்’ என்பது அதன் பெயர். 1574-ல் ஓடா நொபுனாகா என்னும் படைத்தலைவன் அரசரிடம் அனுமதி பெற்று அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக்கொண்டான். 1877-ல் மெய்ஜி பேரரசருக்காக இன்னொரு துண்டு வெட்டப்பட்டது. யார் எங்கே வெட்டினார் என்று கட்டையிலேயே சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியர்களுக்கு இன்னும் உவப்பான பயன் ஒன்று அசாமில் உண்டு. அங்கே இம்மரத்துக்குச் ‘சாஞ்சி’ என்று பெயர். அதன் பட்டையை உரித்து, பதப்படுத்தி, ஏடாக்கி எழுதினார்கள். நமக்குப் பனையோலை எப்படியோ, அசாமிய வைணவ நூல்களுக்குச் சாஞ்சிப் பட்டை அப்படி.

இனி, தேடும் முறை. நம் காடுகளில் இதனைக் கண்டுபிடிக்கும் அறிவு ஓராங் அஸ்லி மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. மரத்தைப் பார்த்தவுடன் அவர்கள் கோடரியை ஓங்குவதில்லை. இலை வெளிறியிருக்கிறதா, உச்சிக்கிளை பட்டிருக்கிறதா, அடிமரத்தில் முடிச்சும் வீக்கமும் உண்டா, எறும்பும் வண்டும் துளைத்த வழி தெரிகிறதா என்று சுற்றி வந்து பார்ப்பர். ஐயம் இருந்தால் சிறிதாக ஒரு கண் திறந்து கட்டையின் நிறத்தைப் பார்ப்பர். கறுத்த பகுதியை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு மரத்தை நிற்கவிடும் வழக்கமும் அனுபவம் மிக்கவரிடம் இருந்தது. அப்படி விடப்பட்ட மரம், செதுக்கிய காயத்தாலேயே மீண்டும் கஹாரு விளைவிக்கக் கூடும். கற்பூரம் தேடப் போகும்போது ஜொகூர்க் காட்டு மக்கள் அன்றாடச் சொற்களை விலக்கித் தனி ஒரு மொழியையே பேசினர் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கின்றனர். மூடநம்பிக்கை என்று நகைப்போர் நகைக்கட்டும். வாயை அடக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவன் கையையும் கொஞ்சம் அடக்குவான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விலை ஏறியபோது இவ்வறிவு இல்லாதவர்களும் காட்டுக்குள் நுழைந்தனர். எல்லை கடந்து வந்த திருட்டுக் கூட்டங்கள் தேசிய வனங்களுக்குள் வாரக்கணக்கில் தங்கி வெட்டியதைச் செய்தித்தாள்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். அவர்கள் செய்தது பையனின் விளையாட்டில் உள்ளதுபோலக் கண்ட பெட்டியை எல்லாம் உடைப்பதுதான். அழியும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இம்மரம் 1995-ல் சேர்க்கப்பட்டது. 2005 தொடக்கத்திலிருந்து இவ்வினம் முழுவதுமே அதில் அடங்கியது. மலேசியாவில் அதற்கான சட்டம் 2008-ல் இயற்றப்பட்டது. 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அக்குலேரியா மலாக்கென்சிஸை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளதாக அறிவித்தது. மலாக்காவின் பெயர் தாங்கிய மரத்துக்கு வந்த நிலை இது.

எங்கள் பள்ளி வளாகத்திலும் ஒரு காராஸ் நிற்கிறது. பெற்றோர் ஒருவர் கன்றாகக் கொண்டுவந்து நட்டது; இப்போது கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டது. சென்ற ஆண்டு நீண்ட விடுமுறை முடிந்து பள்ளியைத் திறந்தபோது, அடிமரத்தில் யாரோ பாராங்கால் மூன்று இடத்தில் ஆழமாகக் கொத்தியிருந்தனர். சிதறிக் கிடந்த சில்லுகள் எல்லாம் வெள்ளை. வந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அழுதனர். என்னிடம் விளையாட்டைக் காட்டிய அந்தப் பையன் மட்டும் சில்லுகளைப் பொறுக்கி மோந்து பார்த்துவிட்டு, “இது வெறும் வெள்ளைச் சரக்கு, ஐயா” என்றான்.

மரத்தை நட்டு, துளையிட்டு, பூஞ்சணத்தைப் புகுத்திக் கஹாரு விளைவிக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இதில் உழைத்துவருகிறது. அசாமில் ஒரு துளைப்புழுவே இவ்வேலையைச் செய்துவிடுவதால் வீட்டுக் கொல்லைகளிலேயே இம்மரத்தை வளர்க்கிறார்கள். தோட்ட அகில் காட்டு அகிலுக்கு ஈடாகாது என்பார் உண்டு. சில ஆண்டுகளில் ஊறிய பிசினும் பல பத்தாண்டுகள் ஊறிய பிசினும் ஒன்றாக முடியாதுதான். ஆனால் நெய் வடிக்கவும் பத்தி செய்யவும் தோட்டச் சரக்கு போதும். இதில் பணம் போட்டால் ஏழே ஆண்டில் பன்மடங்காகும் என்று ஆசை காட்டியவர்களிடம் என் நண்பர் ஒருவர் ஓய்வூதியத்தில் பாதியை இழந்தார். துளையிட்ட மரம் எல்லாம் ஒன்றுபோல் விளைந்துவிடாது என்பதை அவருக்கு அவர்கள் சொல்லவில்லை.

பயிற்சி ஆசிரியர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான்: அகில் என்னும் சொல் வந்தால், செய்யுள் குறிஞ்சியைப் பற்றியதா, கடல் வாணிகத்தைப் பற்றியதா என்று முதலில் பாருங்கள். குறிஞ்சியாயின் ‘மணமுள்ள ஒரு மலைமரம்’ என்று எழுதலாம். வாணிகமாயின் ‘காராஸ் மரத்தின் நோயுற்ற பகுதியில் விளையும் கரிய மணக்கட்டை’ என்று எழுத வேண்டும். முடிந்தால் ஒரு சிறு துண்டை வாங்கிவந்து தணலில் இட்டுக் காட்டுங்கள். விலை மிகுதியே, சிறு நகத்தளவு துண்டு போதும். வகுப்பு முழுதும் மணக்கும்.

பள்ளி மரத்தின் மூன்று காயங்களில் இரண்டு மூடிவிட்டன. மூன்றாவதில், மூடாத விளிம்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு கரிய கோடு ஓடுகிறது. அது வெறும் அழுகலாகவும் இருக்கலாம். பையன்கள் இடைவேளைதோறும் அங்கே போய் நிற்கிறார்கள். பெற்றோர் சங்கத்தில் பேசி, சுற்றிலும் கம்பிவலை அடித்திருக்கிறோம்.